கிரேக்கக் கூடைப்பந்து வீரர் நிக்கோஸ் காலிஸ்



கிரேக்க நாடு என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் சாக்ரட்டீசும் பிளேட்டோவும் மாவீரன் அலெக்சாந்தருமே ஆவர். நம் முன்னோர் யவனர் என்று அழைத்த அம்மக்களின் பழம்பெருமையை வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஒலிம்பிக் போட்டிகள் தோன்றிய மண்ணும் அதுவே. ஆயினும் இன்று கிரேக்க நாட்டிற்குச் சென்று, “உங்கள் நாட்டின் தலைசிறந்த விளையாட்டு வீரர் யார்?” என்று வினவினால், பலரும் தயங்காது ஒரு பெயரைச் சொல்வர். அவர் பழங்காலத்து வீரர் அல்லர். நம் காலத்தவர். அவர் கையிலிருந்தது ஈட்டியன்று, பந்து. அவர்தாம் நிக்கோஸ் காலிஸ்.

அவருடைய வரலாற்றை இம்மலருக்கு எழுதத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. “எனக்கு உயரம் போதாது, ஐயா, கூடைப்பந்து எனக்கு எதற்கு?” என்று கூறித் திடலின் ஓரத்திலேயே நின்றுவிடும் மாணவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்கள் இதனைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். நம் பள்ளிகளில் மாணவிகள் ஆடும் வலைப்பந்து வேறு, கூடைப்பந்து வேறு. வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டே ஓட இயலாது, கூடைப்பந்தில் இயலும். 1891-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் கூடத்தினுள்ளேயே ஆடுவதற்கென்று பழக்கூடைகளை மாட்டி இவ்வாட்டத்தை அமைத்தார். இன்று வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு குழுவுக்கு ஐவர். பந்தை வளையத்தினுள் இட்டால் இரண்டு புள்ளிகள். வரையப்பட்ட வளைகோட்டுக்கு வெளியே நின்று இட்டால் மூன்று புள்ளிகள். எதிர்க்குழுவினர் முறைகேடாகத் தடுத்தால், வளையம் பொருத்திய பலகைக்கு எதிரே 4.6 மீட்டர் தொலைவில் நின்று, யாருடைய இடையூறும் இன்றிப் பந்தை எறியும் உரிமை கிடைக்கும். இதனைத் தனி எறிதல் என்போம். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. இந்தத் தனி எறிதலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது தேவைப்படும்.

நிக்கோஸ் காலிஸ் 1957-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23-ஆம் நாள் பிறந்தார். பிறந்த இடம் கிரேக்கம் அன்று. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள யூனியன் சிட்டி என்னும் நகரம். ரோட்ஸ், நிசிரோஸ் ஆகிய கிரேக்கத் தீவுகளை வேராகக் கொண்ட அவர்தம் குடும்பம், பிழைப்பை நாடிக் கடல் கடந்து சென்ற எளிய குடும்பம். அத்தகைய குடும்பங்களின் வாழ்க்கை நம்மவர்க்குப் புதியதன்று. குடும்பப் பெயரும் முதலில் யோர்காலிஸ் என்றே இருந்தது. அது பின்னர்ச் சுருங்கிக் காலிஸ் ஆயிற்று.

சிறுவன் நிக்கோசுக்கு முதலில் பிடித்த ஆட்டம் குத்துச்சண்டை. ஒவ்வொரு முறையும் முகத்தில் காயத்தோடு வீடு திரும்பும் மகனைக் கண்டு அன்னையின் உள்ளம் பதைத்தது. “இந்த ஆட்டம் வேண்டாம், மகனே” என்று அவர் வற்புறுத்தவே, மகனும் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடைப்பந்துத் திடலுக்குச் சென்றான். எனினும் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தது வீண் போகவில்லை. விரைந்து நகரும் கால்கள், இடிபட்டாலும் சாயாத உடல், எதிரியின் அசைவை முன்னரே அறியும் கண் ஆகிய மூன்றும் பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தன என்பது அவர் ஆட்டத்தைப் பார்த்தோர்க்கு நன்கு விளங்கும்.

உயர்நிலைப் பள்ளிக்குப் பின்னர், அதே மாநிலத்திலுள்ள சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில் 1975 முதல் 1979 வரை பயின்று, அதன் குழுவுக்கு ஆடினார். இறுதி ஆண்டில் ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக 27.5 புள்ளிகள் எடுத்தார். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆட்டக்காரர் அனைவருள்ளும் அவ்வாண்டில் அவருக்கு மூன்றாம் இடம். அவருக்குச் சற்றே மேலாக, இரண்டாம் இடத்தில் இருந்தவர் லாரி பேர்ட். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அதே லாரி பேர்ட்தான்.

1979-ஆம் ஆண்டில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக் குழுக்களுள் ஒன்றாகிய பாஸ்டன் செல்டிக்ஸ், நான்காம் சுற்றில் 68-ஆம் ஆளாகக் காலிசைத் தேர்ந்தெடுத்தது. தேர்ந்தெடுத்தல் என்றால் வேலை உறுதி என்பது பொருளன்று. பயிற்சி முகாமிற்கு வந்து திறமையைக் காட்டி இடம்பிடிக்க வேண்டும். அந்த முகாமில் அவருடைய கணுக்காலில் கடுமையான அடிபட்டது. காயம் ஆறும்வரை காத்திருக்கக் குழு விரும்பவில்லை. அந்த இடம் வேறொருவருக்குச் சென்றது. அந்த ஆண்டில்தான் லாரி பேர்ட் அதே குழுவில் ஆடத் தொடங்கிப் புகழேணியில் ஏறினார். முந்திய ஆண்டில் அவரோடு தோளுக்குத் தோள் நின்றவரோ வேலையின்றி நின்றார்.

அப்போது அவருக்கு வயது 22. தாம் பிறந்த நாட்டில் தமக்கு இடமில்லை என்று கண்ட அவர், தம் பெற்றோரின் நாட்டிலிருந்து வந்த அழைப்பை ஏற்றுக்கொண்டார்.

கிரேக்கத்தின் வடபகுதியில், கடலோரத்தில் அமைந்திருக்கிறது தெசலோனிக்கி. அது அந்நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். அலெக்சாந்தரின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த தங்கையின் பெயரையே அந்நகர் தாங்கி நிற்கிறது. அங்கு ஆரிஸ் என்றொரு கழகம் உண்டு. கிரேக்கரின் போர்க்கடவுளின் பெயர் அது. மஞ்சளும் கறுப்பும் அதன் வண்ணங்கள். 1979-ஆம் ஆண்டின் இறுதியில் காலிஸ் அக்கழகத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் கிரேக்கர்க்குக் காற்பந்தே உயிர். கூடைப்பந்து ஆட்டத்தைக் காண வருவோர் சிலரே. சில ஆண்டுகளுக்குள் இந்நிலை தலைகீழாக மாறியது.

காலிசின் ஆட்டத்தில் அப்படி என்ன சிறப்பு? இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அவர் உயரம் ஏறத்தாழ 183 சென்டிமீட்டர், அதாவது ஆறடி. நம்மிடையே ஆறடி என்றால் நெடியவர் என்போம். ஆனால் இரண்டு மீட்டரைத் தாண்டியவர்கள் காவல் நிற்கும் கூடைப்பந்துத் திடலில் ஆறடியர் குட்டையரே. அத்தகைய நெடியோரின் நடுவே புகுந்து வளையத்தை நெருங்குவதே அவர் விரும்பிய வழி. பந்தைத் தட்டிக்கொண்டு விரைந்து செல்வார். திடீரென நின்று மேலே எழும்புவார். தடுப்பவரும் எழும்புவார். எழும்பியவர் யாராயினும் கீழே வந்துதானே ஆக வேண்டும்? தடுப்பவர் இறங்கத் தொடங்கும் அந்த நொடி வரை காலிஸ் பந்தைக் கையிலேயே வைத்திருப்பார். பிறகுதான் எறிவார். சில வேளைகளில் வலக்கையில் இருந்த பந்து காற்றிலேயே இடக்கைக்கு மாறிவிடும். தடுப்பவர் கை நீண்டிருக்கும் இடத்தில் பந்து இராது. உயரத்தை உயரத்தால் வெல்ல இயலாதபோது நேரத்தால் வெல்லலாம் என்பதை அவர் ஆட்டந்தோறும் காட்டினார். தடுக்கத் தெரியாமல் எதிரிகள் மோதினால் தனி எறிதல் கிடைக்கும். அதிலும் புள்ளிகள் சேரும்.

1981-ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த ஓர் ஆட்டத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆரிஸ் கழகமும் இயோனிக்கோஸ் என்னும் கழகமும் மோதின. இயோனிக்கோஸ் கழகத்தில் பனயோட்டிஸ் யன்னாக்கிஸ் என்னும் இளைஞர் இருந்தார். அன்று அவர் ஒருவரே 73 புள்ளிகள் எடுத்தார். காலிஸ் எடுத்தவை 62. மூன்று புள்ளிக் கோடு இன்னும் நடைமுறைக்கு வராத காலம் அது என்பதை எண்ணிப் பாருங்கள். இறுதியில் ஆரிஸ் 114, இயோனிக்கோஸ் 113. எழுபத்து மூன்று புள்ளிகள் எடுத்தவர் ஒரே புள்ளியில் தோற்று வீடு திரும்பினார்!

அந்த யன்னாக்கிஸ் 1984-ஆம் ஆண்டில் ஆரிஸ் கழகத்திலேயே சேர்ந்தார். எதிரெதிரே நின்ற இருவரும் ஒரே வண்ணச் சட்டை அணிந்தனர். யன்னாக்கிஸ் பந்தைக் கொண்டுவந்து கொடுக்கவும் எதிரிகளைத் தடுக்கவும் முன்வந்தார். காலிஸ் புள்ளிகளைக் குவித்தார். 73 புள்ளிகள் எடுக்க வல்லவர் மற்றொருவருக்குப் பந்தை எடுத்துக் கொடுக்க இசைந்தது எளிய செயலன்று. என் கணிப்பில், காலிசின் புகழில் ஒரு பங்கு யன்னாக்கிசுக்கும் உரியது. பயிற்றுநர் யன்னிஸ் இயோவன்னிடிசின் கண்டிப்பும் இவர்களோடு சேர்ந்தது. 1983-இல் ஒரு முறையும், 1985 முதல் 1991 வரை இடைவிடாது ஏழு முறையும், ஆக எட்டு முறை காலிஸ் காலத்து ஆரிஸ் நாட்டு வாகையர் பட்டத்தை வென்றது. ஐரோப்பியக் கிண்ண ஆட்டங்கள் நடைபெறும் வியாழக்கிழமை இரவுகளில் மக்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்துவிடுவதால் தெசலோனிக்கியின் தெருக்கள் வெறிச்சோடின.

இனி 1987-ஆம் ஆண்டுக்கு வருவோம். ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான கூடைப்பந்துப் போட்டி அவ்வாண்டில் கிரேக்கத்தில் நடைபெற்றது. ஏதென்ஸ் நகரை அடுத்த பிரேயஸ் துறைமுகப் பகுதியிலுள்ள அமைதி நட்புறவு அரங்கமே களம். அதற்கு முன்னர் அப்போட்டியில் கிரேக்கம் பெற்ற ஒரே பதக்கம், 1949-இல் கெய்ரோவில் பெற்ற வெண்கலம். முந்திய ஆண்டில் ஸ்பெயினில் நடந்த உலகப் போட்டியில் மிகுதியான புள்ளிகள் எடுத்தவர் காலிஸ்தான். ஆனால் அவருடைய நாடு முன்னணி இடம் எதனையும் பெறவில்லை. ஆகவே 1987-இலும் கிரேக்கம் வெல்லும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

தொடக்கச் சுற்றில் ஸ்பெயினிடமும் சோவியத் ஒன்றியத்திடமும் கிரேக்கம் தோற்றது. ஆயினும் அடுத்த கட்டத்திற்கு முன்னேறியது. கால் இறுதியில் இத்தாலி வீழ்ந்தது. அரை இறுதியில் வலிமை மிக்க யுகோஸ்லாவியா 81-77 என்ற கணக்கில் வீழ்ந்தது. இறுதி ஆட்டத்தில் மீண்டும் சோவியத் ஒன்றியம்! அதுவரை பதினான்கு முறை ஐரோப்பிய வாகை சூடிய நாடு அது. அதன் மாபெரும் ஆட்டக்காரர் சபோனிஸ் காயத்தின் காரணமாக வரவில்லை என்பது உண்மை; என்றாலும் மற்றவர்கள் எளியவர் அல்லர்.

ஜூன் 14-ஆம் நாள். அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆட்டம் முடியும் மணி ஒலித்தபோது இரு குழுவும் 89-89. கூடுதலாக ஐந்து நிமிடம் வழங்கப்பட்டது. அதிலும் முன்னும் பின்னுமாகப் புள்ளிகள் ஏறி, 101-101 என்று நின்றன. எஞ்சியவை நான்கே நொடிகள். அந்நேரத்தில் சோவியத் ஆட்டக்காரர் ஒருவர் முறைகேடாகத் தடுக்கவே, கிரேக்கத்திற்கு இரண்டு தனி எறிதல்கள் கிடைத்தன.

எறிய வேண்டியவர் யார்? அன்று அதுவரை 40 புள்ளிகள் குவித்திருந்த காலிஸ் அல்லர். அடிபட்டவரே எறிய வேண்டும் என்பது விதி. அடிபட்டவர் ஆர்கிரிஸ் கம்பூரிஸ். காலிசைப் போலவோ யன்னாக்கிசைப் போலவோ எங்கும் பேசப்பட்டவர் அல்லர். வளையத்தின் கீழே இடிபட்டுப் பந்தைப் பொறுக்கிக் கொடுக்கும் கடும்பணியாளர். ஆரிஸ் கழகத்தவரும் அல்லர். ஒலிம்பியாக்கோஸ் என்னும் போட்டிக் கழகத்தைச் சேர்ந்தவர். நாடு முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. முதல் பந்து உள்ளே சென்றது. இரண்டாம் பந்தும் உள்ளே சென்றது. சோவியத் குழு இறுதியாக எறிந்த பந்து வளையத்திற்குள் விழவில்லை. கிரேக்கம் 103, சோவியத் ஒன்றியம் 101.

அன்றிரவு ஏதென்ஸ் மக்கள் தெருக்களில் இறங்கி விடிய விடிய ஆடிப்பாடினர். அந்தப் போட்டியின் எட்டு ஆட்டங்களிலும் காலிஸ் எடுத்த சராசரி 37 புள்ளிகள். மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற சிறப்பும் அவருக்கே கிடைத்தது. அது தகும். ஆனால் கணக்கில் தேர்ந்த மாணவர்கள் ஒரு கழித்தல் செய்து பாருங்கள்: 103-இல் 40 போக எஞ்சியவை 63. அவற்றை எடுத்தோர் மற்றவர்கள். அவற்றுள் கடைசி இரண்டு, கம்பூரிசுடையவை.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழலாம். இத்துணைத் திறமை உள்ளவர் அமெரிக்காவுக்குத் திரும்பி, தம்மை ஒதுக்கியவர்களுக்குத் தம் ஆற்றலைக் காட்டியிருக்கலாகாதா? அதற்கு ஒரு விதி தடையாக இருந்தது. அமெரிக்காவின் பெருந்தொழில்முறைப் போட்டியில் ஆடும் எவரும் தம் நாட்டுக் குழுவுக்காக ஆட இயலாது என்று 1989-ஆம் ஆண்டு வரை அனைத்துலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு விதித்திருந்தது. அங்கே சென்றால் கிரேக்கத்தின் நீல வெள்ளைச் சட்டையைக் கழற்ற வேண்டும். விதி நீங்கியபோதோ அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அமெரிக்கத் தொழில்முறைத் திடலில் அவர் ஓர் ஆட்டங்கூட ஆடவில்லை.

1989-இல் சாக்ரெப் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் கிரேக்கம் அரை இறுதியில் சோவியத் ஒன்றியத்தை மீண்டும் ஒரே புள்ளியில் வென்றது. இறுதியில் யுகோஸ்லாவியாவிடம் தோற்று வெள்ளி பெற்றது. 1983, 1987, 1989, 1991 ஆகிய நான்கு ஐரோப்பியப் போட்டிகளிலும் மிகுதியான புள்ளிகள் எடுத்தவர் காலிசே.

அவருக்குக் கிட்டாத வெற்றியும் ஒன்று உண்டு. நாடுகளுக்கிடையே வென்றவர், ஐரோப்பியக் கழகங்களின் பெருங்கிண்ணத்தை ஒருமுறையும் தொடவில்லை. 1988-இல் கென்ட், 1989-இல் மியூனிக், 1990-இல் சரகோசா ஆகிய மூன்று நகரங்களிலும் ஆரிஸ் கடைசி நான்கு குழுக்களுள் ஒன்றாக நின்றது. மூன்று முறையும் அரை இறுதியிலேயே தோற்றது. மிலான், டெல் அவிவ், பார்சலோனா ஆகிய நகரங்களின் கழகங்களே வென்றவை. இருவரை மட்டும் நம்பிய குழு, ஐவரும் மாற்றாட்டக்காரரும் வலிமையாயிருந்த குழுக்களின் முன் சோர்ந்துபோனது என்றே நான் கருதுகிறேன். சிலர் இதனை ஏற்கமாட்டார்கள்.

1992-இல் ஆரிஸ் கழகத்துடன் அவர் தொடர்பு முடிந்தது. ஏதென்ஸ் நகரின் பனாதினைக்கோஸ் கழகத்தில் சேர்ந்தார். 1994-இல் டெல் அவிவ் நகரில் அக்கழகமும் கடைசி நான்கனுள் இடம்பெற்றது. அங்கும் கிண்ணம் கிட்டவில்லை. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், ஓர் ஆட்டத்தின் தொடக்க ஐவருள் பயிற்றுநர் அவரைச் சேர்க்கவில்லை. அப்பயிற்றுநர், 1987-இல் கிரேக்கக் குழுவைப் பொன்பதக்கத்திற்கு வழிநடத்திய அதே கோஸ்டாஸ் பொலிட்டிஸ். 37 வயதுக் காலிஸ் வாக்குவாதம் செய்யவில்லை, வெளியேறினார். பிறகு எந்தக் கழகத்துக்கும் ஆட அவர் திரும்பவில்லை. பதினைந்து ஆண்டுப் பெருவாழ்வு இவ்வாறு ஒரே மாலையில், பிரியாவிடைகூட இன்றி முடிந்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்று கூற நாம் அங்கு இருந்தவர்கள் அல்லோம்.

அவர் விதைத்தது பின்னர் முளைத்தது. 1987-இன் அந்த இரவுக்குப் பின்னர்க் கிரேக்கச் சிற்றூர்களிலும் தெருமுனைகளிலும் பள்ளிகளிலும் வளையங்கள் தோன்றின. அந்நாளில் பாப்பலூக்காசுக்குப் பத்து வயது, டியாமன்டிடிசுக்கு ஏழு வயது, ஸ்பனூலிசுக்கு நான்கு வயது. இம்மூவரும் 2005-இல் பெல்கிரேடு நகரில் கிரேக்கத்திற்கு இரண்டாம் முறையாக ஐரோப்பிய வாகையைப் பெற்றுத் தந்த குழுவில் இருந்தனர். பயிற்றுநர் யார் தெரியுமா? 73 புள்ளிகள் எடுத்துத் தோற்ற யன்னாக்கிஸ்! மறுஆண்டு ஜப்பானில் நடந்த உலகப் போட்டியின் அரை இறுதியில், அவர்கள் அமெரிக்காவையே 101-95 என்ற கணக்கில் வென்றனர்.

காலிசுக்கு வரவேண்டிய சிறப்புகள் தாமதித்தே வந்தன. 2013-இல் தெசலோனிக்கியில் அவர் ஆடிய அரங்கிற்கும், 2016-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் உள்ளரங்கிற்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. 2017-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், நெய்ஸ்மித் பெயர் தாங்கிய புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அவரை வேண்டாம் என்று சொன்ன பாஸ்டன் நகரம் இருக்கும் அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில்தான் அம்மண்டபம் உள்ளது.

அவற்றுக்கெல்லாம் முன்னர் ஒரு நிகழ்ச்சி. 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13-ஆம் நாள் ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழா நடைபெற்றது. ஒலிம்பிக் தீ அரங்கினுள் நுழையும் நேரம். அதனை முதலில் ஏந்தி வருபவர் யார் என்று பல்லாயிரக்கணக்கான மக்கள் வாயிலையே நோக்கியிருந்தனர். தீப்பந்தத்தை உயர்த்திப் பிடித்தவாறு, 47 வயதான, அத்துணை உயரமில்லாத ஒருவர் ஓடி வந்தார். அரங்கம் எழுந்து நின்று ஆரவாரித்தது. அவர் சிறிது தூரம் ஓடி, தீயை மிமிஸ் டொமாசோஸ் என்னும் காற்பந்து வீரரின் கையில் கொடுத்துவிட்டு, ஒதுங்கி நின்றார்.